மர்சஷ்லோக்: மால்டாவின் மீனவர் ஊரில் ஓரிரவு தங்கி வருவது எப்படி?

மத்தியதரைக் கடலின் தீவு நாடான மால்டாவின் தென்கிழக்குக் கரையில் உள்ள மர்சஷ்லோக்கிற்கு வருபவர்களில் பலர், வண்ணப் படகுகளின் முன் நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுகிறார்கள். ஓரிரவு தங்கினால்தான் அது மீனவர் ஊர் என்பதே தெரியும் என்பது என் கருத்து. ஆகவே, ஐரோப்பியக் கடற்கரைக்கு முதன்முறை செல்பவர் அங்கே ஒரு சனிக்கிழமை மாலையையும் ஞாயிற்றுக்கிழமையையும் கழிப்பதற்கு ஏற்ப இந்த விளக்கத்தை எழுதியிருக்கிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மால்டீசு மொழியில் 'மர்சா' என்றால் துறைமுகம்; 'ஷ்லோக்' என்றால் சகாராவின் வெப்பத்தைச் சுமந்து கடல் கடந்து வரும் தென்கிழக்குக் காற்று. ஊரின் பெயரிலேயே காற்று இருப்பதால், பயணத்தையும் காற்றைப் பார்த்தே திட்டமிட வேண்டும். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் தாங்காது. டிசம்பரில் கடல் எப்படி இருக்கும் என்பதற்கு வரலாறே சாட்சி: 1989 டிசம்பர் 2, 3 தேதிகளில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் இவ்வூரின் விரிகுடாவில் கப்பலில் சந்தித்தபோது, புயலின் காரணமாக ஓர் அமர்வையே கைவிட நேர்ந்தது.

செப்டம்பர் பிற்பாதியும் அக்டோபரும்தான் நான் பரிந்துரைக்கும் காலம். கடல் நீர் அப்போதும் குளிப்பதற்கு இதமாக இருக்கும். லம்பூக்கி மீனின் பருவமும் அதுவே. மாஹி மாஹி என்று உலகம் அறிந்த இந்த மீன் மிதக்கும் பொருளின் நிழலில் கூடும் இயல்புடையது என்பதால், மீனவர்கள் பேரீச்சை ஓலைகளைக் கட்டிய மிதவைகளைக் கடலில் விட்டு, அவற்றின் அடியில் மீன் சேர்ந்ததும் வலையால் வளைக்கிறார்கள்.

படி 2: விசாவும் விமானமும்

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது மால்டா, செலாவணி யூரோ. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள், குறைந்தது 30,000 யூரோ பெறுமானமுள்ள பயணக் காப்பீட்டுடன் விசாவிற்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வழியில் மாற வேண்டும். ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. மின்செருகி மட்டும் பிரிட்டனில் உள்ள மூன்று முனை வகை. அதற்கான அடாப்டரை வீட்டிலேயே பையில் வைத்துவிடுங்கள்.

படி 3: சனிக்கிழமை மாலைக்குள் ஊரை அடையுங்கள்

தலைநகர் வலேட்டாவின் நகர வாயிலுக்கு வெளியே உள்ள பேருந்து நிலையத்திலிருந்து 81, 85 எண் பேருந்துகள் செல்கின்றன. அறையில் பையை வைத்ததும் நேராகக் கரைக்கு வாருங்கள். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை எனப் பட்டை பட்டையாக வண்ணம் தீட்டிய லுட்ஸு படகுகளின் முகப்பில், இருபுறமும் ஒவ்வொரு கண் செதுக்கப்பட்டிருக்கும். தீமையை விலக்கும் என்று நம்பப்படும் இக்கண்ணின் மரபைப் பண்டைய கடலோடி வணிகர்களான பினீசியரின் காலம்வரை கொண்டு செல்கிறார்கள்.

நான் போன மாலையில் ஒரு முதியவர் கரையில் அமர்ந்து, கிழிந்த வலையின் ஒரு கண்ணியைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, நூல் சுற்றிய தட்டை ஊசியால் முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். இப்படி யாரையேனும் கண்டால், அனுமதி கேட்ட பிறகே படம் எடுங்கள்.

படி 4: ஞாயிறு காலை 7 மணிக்கே சந்தை

பத்து மணிக்கு மேல் சந்தையில் மீனை விட மேசை விரிப்புகளும் நினைவுப் பொருள்களுமே கண்ணில் படும். விடியற்காலையில் சென்றால், வாள்மீன், கணவாய், சிறிய சூப்பு மீன்கள் எனக் கூடை கூடையாக வந்து இறங்குவதைக் காணலாம். லம்பூக்கியை நிறத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். உயிருடன் பொன்னும் பச்சையுமாக மின்னும் அது, இறந்ததும் சாம்பல் நிறமாகிவிடும். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் உள்ளதா என்று பார்க்கும் நம் வழக்கமே இங்கும் போதும்.

படி 5: உணவகத்தில் எடையைக் கேளுங்கள்

புது மீனுக்கு உணவகங்களில் பெரும்பாலும் எடைக்கே விலை. தட்டில் கொண்டுவந்து காட்டிய மீனுக்குத் தலையசைத்துவிட்டு, எடை கேட்காமல் விட்டதால், ஓர் உணவகத்தில் நான் நினைத்ததைப் போல் இரு மடங்கு கொடுத்தேன். சமைப்பதற்கு முன்பே எடையையும் தொகையையும் கேட்பது அங்கே அநாகரிகம் அன்று. தனியாகச் செல்பவருக்கு அல்யோட்டா என்ற, பூண்டும் தக்காளியும் அரிசியும் சேர்ந்த மீன் சூப்பே வயிற்றுக்கும் பணப்பைக்கும் ஏற்றது.

படி 6: பிற்பகலில் நீராடல்

தெலிமாரா முனை நோக்கி முக்கால் மணி நேரம் நடந்தால், பாறையில் இயற்கையாகக் குடைந்த செயின்ட் பீட்டர்ஸ் பூல் என்ற கடல்நீர்க் குளம் வரும். மணல் இல்லை, நிழல் இல்லை. நீர் எடுத்த எடுப்பிலேயே ஆழம். நீந்தத் தெரியாதவர்கள் பாறையில் அமர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குடிநீரும், வழுக்காத காலணியும் கட்டாயம் தேவை. தென்கிழக்குக் காற்று வீசி அலை பாறையில் மோதும் நாளில் யாருமே இறங்கக் கூடாது.

ஞாயிறு மாலைப் பேருந்துகள் நிரம்பி, இடை நிறுத்தங்களில் நிற்காமலே போய்விடுவது உண்டு. ஆகையால், மறுநாள் விமானம் உள்ளவர்கள் மூன்று மணிக்கே நிறுத்தத்திற்கு வந்துவிடுங்கள்.