உடைந்த கண்ணாடிக்குச் சிவப்பு எழுத்து

ஐந்து வயதுப் பிள்ளையிடம் 'எல்லோருக்கும் உதவணும்' என்றால் தலையாட்டும், அவ்வளவுதான். ஒரே ஒருவரைக் காட்டுங்கள். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்குக் காலையில் குப்பை வண்டியோடு ஓர் அக்கா வருவார். பெயரைக் கேட்டு வா என்று மகளை அனுப்பினேன். ஆரம்பித்தது அப்படித்தான்.

அப்புறம் ஒரு நாள் கண்ணாடி டம்ளர் உடைந்தது. சில்லுகளை நான்தான் பொறுக்கினேன். அதைக் குழந்தையிடம் விடவே கூடாது. பழைய செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்ததும், மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் 'கன்னாடி' என்று எழுதினாள். திருத்தவில்லை. "இது எதுக்கு?" என்றாள். "அக்கா கையைக் கிழிச்சிடாம இருக்க." அன்றிலிருந்து பிளேடு, தீர்ந்த பேட்டரி எதுவும் அவள் கண்ணுக்குத் தப்புவதில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று பிரித்துத் தரச் சொல்லி 2016-லேயே விதி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதை ஒழுங்காகக் கடைப்பிடிப்பவள் அவள் மட்டும்தான்.

சித்திரை வெயிலுக்கு நீர்மோரும் கொடுக்கலாம். குழந்தையே கொண்டுபோகட்டும். ஸ்டேட்டஸுக்குப் போட்டோ வேண்டாம். சொம்பில் பாதி மட்டும் ஊற்றுங்கள்; டம்ளர் என்றால் வாசல் தாண்டுவதற்குள் சிந்திவிடும்.