வடிகாலை மறந்தால் கால் கனக்கும்: கால் வீக்கத்தில் நாம் செய்யும் தவறுகள்

மாயவரத்தில் நான் பிசியோதெரபி பார்க்கும் அறைக்குச் சாயங்காலம் வருகிறவர்கள் பல தரப்பட்டவர்கள். நடவுக்குப் போய்த் திரும்பும் அக்கா, ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்ற பெண், பரோட்டாக் கல் முன்னால் நின்ற மாஸ்டர். சொல்வது மட்டும் ஒன்றுதான்: "காலு ரெண்டும் கல்லக் கட்டுனாப்ல கனக்குது தம்பி." கூடவே அதற்கு என்னென்ன செய்து பார்த்தார்கள் என்ற பட்டியலும் வரும். வீக்கத்தைவிட அந்தப் பட்டியல்தான் எனக்குக் கவலை தரும்.

டெல்டாக்காரர்களுக்கு உடம்பின் இந்தச் சங்கதியை விளக்குவது சுலபம். வயலுக்குத் தண்ணீர் வரும் வழி வேறு, வடியும் வழி வேறு என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரத்தக் குழாய் பாசன வாய்க்கால் என்றால் நிணநீர் நாளம் வடிகால். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் சதைக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் கசிவை வாரிக்கொண்டு போய், கழுத்தெலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரையில் மறுபடி சேர்ப்பது நிணநீர் நாளங்களின் வேலை. ஒரு நாளைக்குச் சில லிட்டர் இப்படித் திரும்புகிறது. வழியில் அக்குள், கழுத்து, தொடை இடுக்கு என்று வடிகட்டும் கணுக்கள் உண்டு. "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டி தடவிப் பார்த்தது இந்தக் கணுக்களைத்தான்.

பாசனத்துக்கு இதயம் இருக்கிறது. வடிகாலுக்கு அப்படி ஒரு மோட்டார் கிடையாது. நாளங்கள் தாமாக மெல்லச் சுருங்கி விரிவது உண்டு. மற்றபடி, நடக்கும்போது கெண்டைச்சதை பிழியும் பிழியலும் ஆழ்ந்து விடும் மூச்சும்தான் அந்த நீரை மேலே ஏற்றுகின்றன. உள்ளே இருக்கும் வால்வுகள் ஏறியதைத் திரும்ப இறங்க விடாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பதை எல்லோரும் கேட்கிறோம், வடிகால் தூர்வாரினார்களா என்று ஐப்பசியில் சம்பா மூழ்கிய பிறகுதான் கேட்கிறோம். காலுக்கும் அதே கதிதான்.

முதல் தவறு, எல்லா வீக்கத்தையும் "நீர் கோத்திருக்கு" என்று ஒரே மூட்டையில் கட்டுவது. சாயங்காலம் இரண்டு காலும் லேசாக வீங்கி, ராத்திரி படுத்து எழுந்தால் வற்றிவிடுகிறது என்றால் நின்ற களைப்பாகவோ நரம்பு சுருட்டலாகவோ இருக்கக்கூடும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டையில் வலியும் சூடும் இருந்தால் சிரைக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம். சென்னைக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் கால் மடக்கி உட்கார்ந்து போய் வந்த பிறகோ, ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போதோ இப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் காலைத் தேய்த்துவிடவே கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கு ஆபத்து. மூச்சு வாங்குவதோடு கால் வீங்கினால் இதயத்தையும், முகமும் வீங்கி மூத்திரம் நுரைத்துப் போனால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்குத் தலைவலியோடு முகமும் கையும் திடீரென்று வீங்கினால், "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும்" என்று மாமியார் சொன்னாலும் கேட்காமல் உடனே பிரஷர் பார்க்க வேண்டும்.

கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் சில வினாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் தங்கியிருக்கிறது. அடுத்து, கால் பெருவிரலுக்குப் பக்கத்து விரல் பாதத்தில் தொடங்கும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தோல் தடித்துப்போய்க் கிள்ளவே வரவில்லை என்றால் வடிகாலே பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கிள்ள வருகிறது என்பதற்காகப் பழுது இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

அடுத்தது மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த "நீர் பிரியும் மாத்திரை"யை வாங்கிப் போடுகிறவர்கள் அநேகம். இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருந்து டாக்டர் கொடுத்தால் அது மருந்து. வடிகால் பழுதான காலில் தேங்கியிருப்பது வெறும் தண்ணீர் மட்டும் இல்லை, புரதமும்தான். மாத்திரை தண்ணீரை இழுக்கும், புரதம் அங்கேயே கிடக்கும். நடுவில் உப்புச்சத்து குறைந்து தலை சுற்றி வரப்பில் விழுந்தவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, போடுகிற மாத்திரையே காலை வீங்க வைப்பதும் நடக்கிறது. பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்காகத் தானே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். இன்னொன்று வலி மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து நட்ட இடுப்புக்குப் பெட்டிக்கடையில் வாங்கி, நடவு முடியும்வரை தினம் ஒன்று போடுவார்கள். அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். கால் வீங்கிவிட்டது என்று இன்னொரு மாத்திரை தேடுவார்கள்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது நம்மூரில் பாசத்தின் அடையாளம். கட்டைவிரலை ஊன்றி, "முடிச்சு இருக்கு" என்று அழுத்து அழுத்து என்று அழுத்துவார்கள். நிணநீரின் முதல் நாளங்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே, சிலந்தி நூல் மாதிரி ஓடுகின்றன. பலமாக அழுத்தினால் அவை திறப்பதற்குப் பதில் நசுங்கும். தோலை மெல்ல இழுத்து விடும் அளவுக்குத்தான் கை பட வேண்டும், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போல. தொடங்குவதும் பாதத்தில் இல்லை. கடைமடை வடிகால் அடைத்துக் கிடக்கும்போது வயலில் மடையை வெட்டி என்ன பயன்? வயிறு எழும்பி இறங்க நாலைந்து ஆழ்ந்த மூச்சு, பிறகு தொடை இடுக்கு, தொடை, முழங்கால், கடைசியாகப் பாதம். ஒவ்வொரு தடவலும் மேல்நோக்கித்தான். காய்ச்சல், தோல் சிவப்பு, புண், இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு இதுவும் கூடாது. இன்ஸ்டாகிராமில் கல்லால் தாடையை வழிப்பதைப் பார்த்து என் அண்ணன் மகள் முகத்துக்குச் செய்கிறாள். கொஞ்ச நேரம் முகம் இளைத்தாற்போல் தெரியும், அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பிட்ட கொத்து பரோட்டாவின் உப்பை அது ஒன்றும் செய்யாது.

ஒத்தடம் வேறு. வெந்நீர் ஒத்தடம் சுளுக்குக்குச் சுகம். வீங்கிய காலில் சூடு பட்டால் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிவு கூடும். சர்க்கரை நோயால் மரத்த கால் என்றால் சூடு தெரியாமல் வெந்தே போகும். கிரேப் பேண்டேஜ் சுற்றுவதிலும் ஒரு பிசகு வழக்கமாக நடக்கிறது. பாதத்தை விட்டுவிட்டுக் கணுக்காலிலிருந்து ஆரம்பித்து, மேலே போகப் போக இறுக்குவார்கள். மறுநாள் பாதம் பன் மாதிரி உப்பியிருக்கும். விரல் அடியிலிருந்து தொடங்கி, கீழே சற்று இறுக்கம், மேலே தளர்வு. வீக்கத்துக்கென்று போடும் இறுக்கக் காலுறை என்றால் காலையில் வீக்கம் ஏறும் முன்னே மாட்ட வேண்டும். நடந்தால் கெண்டை பிடித்துக்கொள்கிறது, விரல்கள் சில்லிட்டு நிறம் மாறுகின்றன என்பவர்கள் இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது.

"கால் வீங்கியிருக்கே, நடக்காதே" என்பது அன்பான தவறு. நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதுதான் வடிகாலுக்கு மோசம். நடங்கள். முடியாதபோது உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும், மணிக்கு இருபது முப்பது தடவை. படுக்கும்போது கெண்டைக்கு அடியில் தலையணை வைத்து, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி கால் மணி நேரம். முக்காலி மேல் கால் வைத்தால் நெஞ்சு மட்டம் வராது. கடையில் நிற்கும் பெண்களிடம் ஒன்று சொல்வேன்: ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தியிருக்கிறார்கள். "ஸ்டூல் இருக்கு சார், உக்காந்தா முதலாளி பாப்பாரு" என்கிறார்கள். அதற்கு என்னிடம் பயிற்சி இல்லை.

ஆறும் குளமும் இருக்கிற ஊர் என்பதால் ஒரு இடைச்செருகல். மார்பளவு தண்ணீரில் நடப்பது கனத்த காலுக்கு மிக நல்லது. ஆழத்தில் இருக்கும் பாதத்தில் அழுத்தம் அதிகம், மேலே வர வரக் குறைவு. விலை கொடுத்து வாங்கும் காலுறை செய்வதும் அதைத்தான். காலில் புண் இருந்தால் மட்டும் இறங்க வேண்டாம்.

அந்தப் புண்தான் இந்த மண்ணில் பெரிய விஷயம். விரலிடுக்கில் வெள்ளையாய் ஊறி, அரித்து, வெடிக்கும் சேற்றுப்புண்ணை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. மருதாணியோ மஞ்சளோ அப்பிக்கொண்டு மறுநாள் சேற்றில் இறங்குவார்கள். வடிகால் சரியில்லாத காலில் அந்த வெடிப்பு கிருமிக்குத் திறந்த வாசல். திடீரென்று குளிர்காய்ச்சல் வரும், கால் சிவந்து கொதிக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும். "அக்கி" என்று காவியால் எழுதிக்கொண்டு மூன்று நாள் கழித்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. அது ஆன்டிபயாட்டிக் கேட்கும் தொற்று. ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னும் சில நாளங்கள் கெட்டுப்போகும், வீக்கம் ஒரு படி ஏறும். இதைத் தடுக்கச் செலவு அதிகமில்லை: தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்து, ஈரம் போன பிறகு பூஞ்சைக் களிம்பு. தேய்த்துத் துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

டெல்டாவில் யானைக்கால் நோயைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சாக்கடை போன்ற அழுக்குத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் புழு, நிணநீர் நாளத்துக்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் இரத்தத்தில் அதிகம் உலவும். சுகாதாரத் துறையினர் இரவில் வந்து இரத்தம் எடுப்பது அதனால்தான். தூக்கம் கெடுகிறது என்று விரட்டுவதும், கொடுத்த டி.இ.சி. மாத்திரையைத் "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று பரணில் போடுவதும் தவறு. மாத்திரை புழுவைத் தாக்கும்; பல வருடமாக வீங்கித் தடித்த காலை அது பழையபடி ஆக்காது. அங்கே கழுவுவதும் துடைப்பதும் நடப்பதும்தான் வைத்தியம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு சின்னக் கரண்டி. கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், நார்த்தங்காய் எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். "நிணநீரைச் சுத்தம் செய்யும்" என்று விற்கும் பொடிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். பார்லிக் கஞ்சியும் முள்ளங்கியும் பிடித்தால் சாப்பிடலாம், வீக்கம் வற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள், அதில் பொட்டாசியம் அதிகம். வீக்கத்துக்குப் பயந்து தானாகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் உதவாது.

நடவுக்குப் போகும் அக்கா ஒருவருக்கு மெட்டிக்கு அடியில்தான் புண். விரல் வீங்கி மெட்டி உள்ளே அழுந்தியிருந்தது, ஈரம் போக வழியில்லை. கழற்றச் சொன்னதும், "அவரு இருக்கும்போது கழட்டச் சொல்றியே தம்பி" என்று கோபமாக எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலோடு வந்தார். தட்டாரிடம் போய் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. புண் ஆறியதும் தளர்வாக வேறு மெட்டி வாங்கிக்கொண்டார். போன மாதம் காலைக் காட்ட வந்தபோது விரலிடுக்கு காய்ந்து சுத்தமாக இருந்தது. "ராத்திரி கழட்டித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிறேன்," என்றார், குரலைத் தாழ்த்தி. "விடியக்காலம் மாட்டிடுவேன். அவருக்கு இன்னும் தெரியாது."