ரெகேட்டோனைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் ரெகேட்டோன் இசையைப் பற்றி எழுத வருகிறவர்கள் பலரும் எடுத்த எடுப்பிலேயே ‘ஆபாசம்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இதே காரணத்தைச் சொல்லித்தான் 1995இல் போலீசார் தலைநகர் சான் ஹுவானின் இசைக் கடைகளுக்குள் புகுந்து கேசட்டுகளை அள்ளிச் சென்றார்கள். ஏழைகளின் அரசுக் குடியிருப்புகளில் தேசியக் காவல்படையை ஆளுநர் பெத்ரோ ரோசெல்லோ இறக்கிவிட்டிருந்த காலம் அது. அந்தக் குடியிருப்பு இளைஞர்களின் இசைதான் இது. எனவே, ஆபாசம் என்ற புகார் யாருடைய உடலைக் குறிவைக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஆட்டத்தைக் கவனிக்காமல் பாட்டு வரிகளை மட்டும் படிப்பது இன்னும் பெரிய தவறு. ரெகேட்டோனுக்கு ஆடும் பெர்ரேயோ ஆட்டத்தில் பெண், ஆணுக்கு முதுகைக் காட்டி, முழங்காலைத் தாழ்த்தி, தாளத்துக்கேற்ப இடுப்பை அசைக்கிறாள். பார்ப்பவர் கண்ணுக்கு அது அடிபணிதலாகத் தெரியலாம். ஆனால் எவ்வளவு நெருங்குவது, எப்போது விலகுவது என்பது அவள் கையில் இருக்க முடியும். 2003இல் பாடகி ஐவி குவீன் பாடிய புகழ்பெற்ற பாட்டின் சாரமே இதுதான்: உன்னோடு ஆடுகிறேன் என்பதற்காகப் படுக்கைக்கும் வருவேன் என்று நினைக்காதே.

அதற்காக எல்லாவற்றையும் விடுதலை என்று கொண்டாடிவிடவும் கூடாது. பெண்ணை வெறும் அலங்காரப் பொருளாகக் காட்டும் பாட்டுகள் இதில் ஏராளம். ரெகேட்டோனின் அடித்தளத் தாளம் 1990இல் ஜமைக்காவின் ஷாபா ராங்ஸ் பாடிய பாட்டிலிருந்து பரவியது. அந்தப் பாட்டின் வரிகள் தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பழிப்பவை. பாடகர் பேட் பன்னி 2020இல் பெண் வேடமிட்டு, தனியாக ஆட விரும்பும் பெண்ணை மதிக்கச் சொன்ன காணொளியைப் பலரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பாட்டின் பல்லவியைப் பாடிய பெண்ணின் பெயர் முதல் வெளியீட்டில் இடம்பெறவில்லை. இதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஆட்டத்தின் அரசியலை ஊதிப் பெருக்குவதும் தவறு. 2019 ஜூலை 24 அன்று பழைய சான் ஹுவான் தேவாலயப் படிகளில் இளைஞர்கள், பால்புதுமையினர் (குயர் மக்கள்) உட்பட, பெர்ரேயோ ஆடினார்கள். பெண்களையும் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் இழிவுபடுத்திய தன் உரையாடல்கள் கசிந்ததால் சிக்கியிருந்த ஆளுநர் ரிக்கார்டோ ரோசெல்லோ, அன்றிரவே பதவி விலகுவதாக அறிவித்தார். முன்பு சொன்ன ஆளுநர் பெத்ரோவின் மகன் அவர். ஆட்டம்தான் அவரை வீழ்த்தியது என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு முன்பே லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கியிருந்தார்கள். ஆடியவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி.