ஆகஸ்டில் ஃபூஜிக்கு அறை போடாதீர்கள்: ஜப்பானில் புதிதாகக் குடியேறும் தம்பதிகள் செய்யும் சில தவறுகள்

போன வாரம் கீழ்வீட்டுப் பெண் கைப்பேசியை நீட்டி, "அக்கா, இதைப் பாருங்களேன்" என்றாள். கல்யாணமாகி எட்டு மாதம், தோக்கியோவில் எங்கள் பகுதியான நிஷிகசாய்க்குக் குடிவந்து மூன்று மாதம். திரையில் ஒரு ரியோகான் அறை, ஜப்பானிய மரபு விடுதியில் இருப்பது. பாய் பதித்த தரை, அகலமான கண்ணாடி ஜன்னல், ஜன்னல் கொள்ளாமல் பனித்தொப்பியோடு ஃபூஜி மலை. தேதி ஆகஸ்ட் 12. பணமும் கட்டியாகிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே ஊரில், அதே மாதத்தில், அதே போலொரு ஜன்னலுக்காக நானும் இவரும் 2018-ல் கொட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது.

அவளிடம் சொன்னதையும், அவசரத்தில் சொல்ல விட்டுப்போனதையும் எழுதிவைக்கிறேன். ரயிலில் சத்தமாகப் பேசாதீர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், குப்பைத்தொட்டி கிடைக்காது, பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றைச் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

முதலில் தேதி, அப்புறம் மலை

இதைத்தான் நீளமாக எழுதப் போகிறேன். இன்னும் ஆறவில்லை.

எங்கள் மணநாள் ஆகஸ்டில் வரும். ஜப்பானில் எங்களுக்கு அது முதல் மணநாள். ஃபூஜியைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கவாகுச்சிகோ ஏரிக்கரையில் ஒரு விடுதி. ஒரு இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு, 46,000 யென் என்று போட்டிருந்தது. வருஷத்தில் ஒரு நாள்தானே என்று பதிவு செய்தோம். உறுதி செய்து வந்த மின்னஞ்சலில் மொத்தம் 92,000. ரியோகானில் பெரும்பாலும் தலைக்குத்தான் விலை போடுவார்கள், அறைக்கு இல்லை. இது தெரியாமல் முதல் அடி.

இரண்டாவது அடி ஓபோன். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வழிபடுவதற்காக ஜப்பானே சொந்த ஊருக்குக் கிளம்பும். பொங்கலுக்கு முந்தின இரவு சென்னையை விட்டு வெளியேறும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், வரிசை மட்டும் கலையாது. ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம் என்பது கணக்கு. எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆனது. அந்தச் சாலையின் கோபோதோகே சுரங்கப்பாதை வாகன நெரிசலுக்கே பெயர் போனது என்பதை அப்புறம்தான் கேள்விப்பட்டோம். அதே அறை ஜனவரியில், வாரநாளில், பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதையும் அப்புறம்தான் பார்த்தோம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே மேகமாக இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னது. ரத்து செய்யலாமா என்று பார்த்தால், நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அன்றைக்கே ரத்து செய்தால் முழுப் பணமும் போய்விடும். "போனால் ஒருவேளை தெரியும், போகாவிட்டால் நிச்சயம் தெரியாது" என்றார் இவர். போனோம்.

கிமோனோ கட்டிய பணிப்பெண் எங்களை அறைக்கு அழைத்துப்போய், முழங்காலிட்டு, காகிதக் கதவை ஓசையில்லாமல் தள்ளினார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியை உலர்த்தியது போல ஒரே வெள்ளை. ஏரி பாதி தெரிந்தது. மலை இருக்க வேண்டிய திசையைக் கையால் காட்டி, "ஸான்னென் தெசு நே" என்றார். பாவமாயிருக்கிறது என்பது மாதிரி. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தோம்.

இதோடு முடிந்திருந்தால் ஆறிப்போயிருக்கும். மறுநாள் விடிகாலைக்கு நான் அலாரம் வைத்திருந்தேன். அது அடித்ததும் இவர் கை நீட்டி அணைத்தார். "மேகமாகத்தான் இருக்கும், தூங்கு." எட்டு மணிக்குக் காலை உணவுக்குப் போகும் வழியில், வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்: "பார்த்தீர்களா? நாலரை மணிக்கு மேகம் விலகி ஒரு இருபது நிமிடம் முழுசாகத் தெரிந்ததே!" நான் இவரைப் பார்த்தேன். இவர் ஏரியைப் பார்த்தார். கணக்கு முடிக்கும்போது பர்ஸிலிருந்து ஆயிரம் யென் நோட்டுகளை எடுத்து எண்ணினேன். அந்தப் பழைய நோட்டின் பின்பக்கத்தில் மோதோசு ஏரியில் நிழல் விழ நிற்கும் ஃபூஜி அச்சிட்டிருக்கும். அந்தப் பயணத்தில் நான் கண்ட ஃபூஜி அது ஒன்றுதான்.

இதில் துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை. கோடையில் பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. அதிகாலையில் தெரிந்தாலும் வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும். குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வரும் காற்று, ஈரத்தையெல்லாம் ஜப்பான் கடல் பக்கமே பனியாகக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்து வருகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோக்கியோ வானம் துடைத்துவிட்ட மாதிரி இருப்பது அதனால்தான். இன்னொன்று, ஆகஸ்டில் மேகம் விலகினாலும் அந்தப் பனித்தொப்பி இருக்காது. 3,776 மீட்டருக்கு ஒரு பழுப்பு மேடு நிற்கும். விளம்பரத்தில் காட்டுவது குளிர்கால ஃபூஜியை.

பத்து நாள் சுற்றுலா வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை, கிடைத்த நாளில்தான் போக வேண்டும். நமக்கு என்ன வந்தது? இங்கேயே குடியிருக்கிறோம். ஏரிக்கரையில் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன, வீட்டிலிருந்தே மலையைப் பார்க்கலாம். சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்கும் என்று வெள்ளி இரவு தெரிந்தால் அப்போது டிக்கெட் எடுங்கள், காலை முதல் பேருந்தில் போய் மாலை திரும்பிவிடுங்கள். தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் குளிர்காலத்தில், வாரநாளில், ரத்து விதியைப் படித்துவிட்டுத் தங்குங்கள். கையுறை மறக்காதீர்கள், அங்கே காலையில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஷின்கான்செனில் ஒசாகா பக்கம் போகிறவர்கள், சாதாரணப் பெட்டியில் E வரிசை இருக்கை கேளுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் ஷின்ஃபூஜி நிலையத்தை ஒட்டி, வலப்பக்க ஜன்னலில் வரும். பைசா செலவில்லாமல் பார்க்க ஷின்ஜுகுவில் தோக்கியோ மாநகர அரசின் கட்டிடம் இருக்கிறது. 202 மீட்டர் உயரத்தில் பார்வை மாடம், இலவசம்.

நான் கடைசியில் அதை எங்கே பார்த்தேன் என்று கேளுங்கள். அந்த டிசம்பரில், தோசாய் லைன் காலை நெரிசலில், யாரோ ஒருவருடைய முதுகுப்பைக்கும் கதவுக்கும் நடுவில். ரயில் அராகாவா ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் இடப்பக்க ஜன்னலில், கட்டிடங்களுக்கு மேலே, பளிச்சென்று வெள்ளையாக நின்றது. தினமும் போகும் ரயில். வீட்டிலிருந்து நடை தூரத்தில் ஏறுவது. 92,000 யென்!

பூத்துவிட்டது என்று செய்தி வந்ததும் ஓடுவது

மார்ச் கடைசியில் தோக்கியோவில் சகுரா என்ற செர்ரிப் பூ மலர்ந்துவிட்டதாகத் தொலைக்காட்சி அறிவிக்கும். யசுகுனி கோயிலில் வானிலைத் துறை குறித்துவைத்திருக்கும் ஒரு மரம் இருக்கிறது. அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து எண்ணுவார், சுற்றிலும் கேமராக்கள் காத்திருக்கும். அந்த மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தால் அதுதான் "கைக்கா". ஐந்தாறு மரம் என்று படித்துவிடாதீர்கள், ஐந்தாறு பூ. நாங்கள் அன்றைக்கே சாப்பாடு கட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய் மொட்டுகளுக்குக் கீழே தயிர்சாதம் சாப்பிட்டோம். முழுதாகப் பூத்துவிட்டது என்ற அர்த்தத்தில் "மான்காய்" என்று அறிவிக்கும் வரை பொறுங்கள், சுமார் ஒரு வாரம். நம் காதுக்கு மாங்காய் என்று கேட்கும், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதிதான். அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம். ஒரு மழையில் எல்லாம் ஆற்றில் மிதக்கும். (அதுவும் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.)

"நாங்கள் சைவம்" என்று மட்டும் சொல்வது

இவர் சாப்பிடாத உயிரினம் கிடையாது. நான் சைவம். அதனால் எங்கள் வீட்டில் இந்தத் தவறை நான் மட்டும் செய்தேன், ஒரு வருஷம்.

இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், துண்டு துண்டாக எதுவும் வராது, உண்மைதான். ஆனால் சூப்பில் தாஷி இருக்கும். தாஷி என்பது பெரும்பாலும் கத்சுஓபுஷி போட்டு எடுத்த சாறு. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவுவார்கள். நம்மூர் மாசிக் கருவாட்டுக்குப் பங்காளி. மிசோ சூப், சோபா, உதோன் நூடுல்ஸ் மட்டுமல்ல, இனாரி சூஷியின் மேலே இருக்கும் அந்த இனிப்பு டோஃபு பையும் அநேகமாக அதில்தான் வேகிறது. சமைக்கிறவருக்கு அது மீன் இல்லை, உப்பு போல ஒரு சுவை. அவர் பொய் சொல்லவில்லை, நம் கேள்விதான் சரியில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: "சகானா நோ தாஷி மோ தபேராரேமாசென்." மீன் சாறும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். ரியோகானுக்கு என்றால் பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஆறு மணிக்கு உணவு வந்த பிறகு சொன்னால், அவர்கள் பதறுவதைப் பார்க்க நமக்கே சங்கடமாக இருக்கும். கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தாஷியும் உண்டு, அது நமக்கு ஆகும். புத்தக் கோயில்களின் ஷோஜின் உணவு முறையில் இறைச்சி, மீன் இரண்டும் கிடையாது. கோயாசான் மலையில் கோயில்களிலேயே தங்கிச் சாப்பிடலாம். ஜப்பானுக்கு வந்து நான் பயமில்லாமல் வயிறார உண்டது அங்கேதான். கடையில் விற்கும் கறிக்கட்டிப் பெட்டியில் காய்கறி படம் போட்டிருந்தாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்க வாய்ப்பு அதிகம்.

வெந்நீர்க் குளியலுக்கு நேற்றுப் போன வழியிலேயே இன்றும் போவது

ஒன்சென் வாசலில் துணித்திரை தொங்கும். பல விடுதிகளில் இரவோடு இரவாக ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், இரண்டு குளத்தையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. இவர் தூக்கக் கலக்கத்தில் முந்தின நாள் போன வாசலுக்கே போனார். திரையை விலக்கப் போன நேரத்தில் ஒரு பாட்டி உள்ளிருந்து வெளியே வந்தார். இருவரும் இடுப்பு வரை குனிந்து மன்னிப்பு கேட்டுக்கொண்டார்களாம், பாட்டி எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை புரியவில்லை. ஆண் என்ற எழுத்து மேலே நாலு கட்டமாக வயல், கீழே வலிமை. அதை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். நீலம், சிவப்பை மட்டும் நம்ப வேண்டாம், எல்லா இடத்திலும் அப்படி இருக்காது.

திங்கட்கிழமை அருங்காட்சியகம்

பூட்டியிருக்கும். திங்கள் அரசு விடுமுறை என்றால் பெரும்பாலும் செவ்வாய் பூட்டியிருக்கும்.

ரயிலில் பெட்டி மாறி உட்காருவது

ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோவுக்கு நேரே போகும் ஃபூஜி கைய்யூ, கைஜி என்ற இன்னொரு ரயிலோடு கோத்து வரும். ஓட்சுகியில் இரண்டும் பிரிந்துவிடும். அறிவிப்பு வரும், ஆனால் கதை பேசுகிறவர்களுக்குக் கேட்காது. தோழியைப் பார்க்க வேறு பெட்டிக்குப் போன நான் கோஃபு பக்கமும், இவர் என் பையோடு கவாகுச்சிகோ பக்கமும் போனோம். அடுத்து நின்ற நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். அன்றைக்கு மலை பிரமாதமாகத் தெரிந்ததாக இவர் படம் அனுப்பினார்.

சுய்கா அட்டை எங்கும் செல்லும் என்று நம்புவது

ரயில் கதவில் தட்டிப் போகும் இந்தக் கட்டண அட்டை பெரும்பாலான பெரிய ஊர்களில் செல்லும். ஆனால் ஒரு வட்டாரத்தின் எல்லையைத் தாண்டி ஒரே பயணமாகச் செல்லாது. தோக்கியோவில் தட்டி உள்ளே போய், எல்லையிலிருக்கும் அதாமியையும் தாண்டி சாதாரண ரயிலில் போனால், இறங்கும் இடத்தில் கதவு திறக்காது. ஜன்னலில் ரொக்கம் கட்டி, அட்டையைப் பிறகு சரிசெய்துகொள்ள ஒரு சீட்டும் வாங்க வேண்டிவரும்.

கடைசி ரயில்

நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். டாக்ஸிக்கு இரவு 10 மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல்.

கோல்டன் வீக்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை வரும் தொடர் விடுமுறை. வீட்டில் இருங்கள்.

கீழ்வீட்டுப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரத்துக் கட்டணத்தைப் பார்த்தாள். அந்த விடுதியில் பதிவு செய்த நாளிலிருந்தே பணம் திரும்பாதாம். சரி, போய்த்தான் வரட்டும். அவள் கணவர் அதுவரை பேசாமல் நின்றவர், "ஆறு மணிக்கு அலாரம் வைத்தால் போதுமா அக்கா?" என்றார். நாலு மணிக்கு வைக்கச் சொன்னேன். அவர் பக்கத்தில் வேண்டாம், அவள் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.