முதுமாணி ஆய்வுக்காகக் களம் இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச அபிவிருத்தித் துறையில் முதுமாணிப் பட்டத்துக்காக மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தனியே ஆய்வு செய்ய வரும் மாணவர்களின் முன்மொழிவுகளை வாசித்துக் கருத்துச் சொல்வது என் வேலையின் ஒரு பகுதியாக இருந்து வருகிறது. மேற்கோள் காட்டும் முறை, சொல்லெண்ணிக்கை, ஒழுக்கநெறி அனுமதிப் படிவம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகக் கைநூல்களே விளக்கிவிடுவதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை. ஆண்டு மாறினாலும் மாறாமல் வந்துகொண்டிருக்கும் சில தவறுகளை, அவற்றுள்ளும் ஆய்வு முழுவதையும் வீணாக்கிவிடும் ஒன்றை, சற்று விரிவாக எழுதுகிறேன்.

அகன்ற தலைப்பு

“கிழக்கில் போருக்குப் பிந்திய அபிவிருத்தி” என்பதை ஒருவர் ஓராண்டில் ஆராய முடியாது. ஒரு பிரதேச செயலாளர் பிரிவு, ஒரு திட்டம், ஒரு கேள்வி போதும்.

பயனாளிப் பட்டியலையே மாதிரியாகக் கொள்ளுதல்

வாழ்வாதார உதவித் திட்டமொன்றின் விளைவை ஆராய வருபவர், அதை நடத்திய நிறுவனத்துக்குச் சென்று பயனாளிப் பட்டியலைக் கேட்பதிலிருந்தே தொடங்குகிறார். கள உத்தியோகத்தரும் அன்பாகவே உதவுவார். தமது மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் ஆட்களைக் கூட்டியும் தருவார். அன்று மாலைக்குள் வினாக்கொத்துகள் நிரம்பிவிடும், ஆய்வும் அன்றே கெட்டுவிடும்.

படுவான்கரைக் கிராமமொன்றில் ஆடு வளர்ப்புத் திட்டத்தை ஆராய்ந்த மாணவி ஒருவர் கொண்டுவந்த பட்டியலைப் பார்த்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், வழங்கிய ஆடுகள், கையொப்பம் என நிரல்கள் ஒழுங்காக இருந்தன. சில பெயர்களின் மேல் மட்டும் சிவப்புப் பேனையால் கோடு இழுத்து, ஓரத்தில் “வெளிநாடு”, “விற்றுவிட்டார்”, “இடம் மாறிவிட்டார்” என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவர் பேட்டி கண்டது கோடு விழாத பெயர்களை மட்டுமே. எல்லோரும் வருமானம் கூடியதாகச் சொன்னார்கள். ஆய்வேடும் அப்படியே முடிந்தது. நுண்கடன் தவணை கட்டுவதற்காக ஆட்டை விற்றவரையும், வளைகுடாவுக்குப் பணிப்பெண்ணாகப் போனவரின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அம்மம்மாவையும் தேடிப் போயிருந்தால், திட்டம் யாருக்குக் கைகொடுத்தது, யாரைக் கைவிட்டது என்பது தெரிந்திருக்கும். விடைக்கு வழிகாட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டே விடையைத் தவறவிடுவதை மறுபடியும் மறுபடியும் காணும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உத்தியோகத்தர் அருகில் இருக்கும்போது, அடுத்த உதவியும் அவர் வழியாகவே வரவேண்டும் என்று அறிந்த எவரும் குறை சொல்லமாட்டார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2007 மீள்குடியேற்றத்துக்குப் பின்னரும் எத்தனையோ படிவங்களுக்குப் பதில் சொன்ன மக்கள் இவர்கள். வந்தவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதை முகம் பார்த்தே அறிவார்கள். அது பொய்யன்று, பிழைப்பு.

ஆகவே கோடு விழுந்த பெயர்களிலிருந்து தொடங்குங்கள். வாக்காளர் இடாப்பையோ கிராம உத்தியோகத்தரிடம் உள்ள குடும்ப விபரத்தையோ முறைப்படி அனுமதி பெற்றுப் பார்த்து, உதவி கிடைக்காத குடும்பங்களிலிருந்தும் குலுக்கல் முறையில் சிலரைத் தெரிவுசெய்யுங்கள். அந்த ஒப்பீடு இல்லாமல், வருமானம் திட்டத்தால் கூடியதா, நல்ல விளைச்சலால் கூடியதா என்று சொல்லவே முடியாது. வீடுகளுக்குத் தனியாகப் போங்கள்; நீங்கள் எந்த நிறுவனத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்பதையும், உங்களால் உதவி எதுவும் கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாரியைத் தவிர்த்தல்

தார் வீதியை ஒட்டியே நிற்பது, திட்டம் நடக்கும் இடத்தை மட்டும் பார்ப்பது, மழையற்ற காலத்தில் மட்டும் வருவது ஆகியன கிராமத்து வறுமையைக் கண்ணுக்கு மறைக்கும் சாய்வுகள் என்று கிராம அபிவிருத்தி ஆய்வாளர் ரொபர்ட் சேம்பர்ஸ் 1983இல் எழுதினார். மூன்றாவது சாய்வு எங்கள் பகுதிக்கு அச்சொட்டாகப் பொருந்தும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் களப்பணிக்கு விடும் யூன் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்கள் இங்கே நல்ல கோடை. கரைவலை இழுபடும், சிறுபோக வேலையும் இருக்கும். வடகீழ்ப் பருவமழை வந்ததும் கடல் கொந்தளிக்கும். கிரான் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கினால் அப்பாலுள்ள ஊர்களுக்குப் படகில்தான் போகவேண்டும். பெரும்போக நெல் அறுவடைக்கு வந்திராத அந்த மாதங்களில்தான் நகை அடகுக்குப் போகிறது, கடன் ஏறுகிறது. மாரியில் வர முடியாதவர்கள், வரவு செலவு, உணவு, கடன் ஆகியவற்றை மாதவாரியாகக் கேட்டாவது பதிய வேண்டும். “சராசரி மாத வருமானம் எவ்வளவு?” என்ற ஒற்றைக் கேள்வி கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் எதையும் பெற்றுத் தராது.

இல்லாத தரவோடு ஒப்பிடுதல்

மட்டக்களப்பில் 1981க்குப் பின்னர் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இலேயே நடந்தது. 2001 கணக்கெடுப்பு அம்பாறையில் நிறைவு பெற்றாலும் மட்டக்களப்பில் முழுமை பெறவில்லை. இரு மாவட்டங்களின் 2001 எண்களை ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைக்கும் முன்மொழிவுகள் இன்றும் வருகின்றன. அதேபோல, மாவட்டத்துக்கான வறுமை வீதத்தை வாகரையின் ஒரு கிராமத்துக்கு ஒட்டிவைப்பதும் பிழை.

ஒலிப்பதிவுகளைக் குவித்துவைத்தல்

அன்றைய பேட்டியை அன்றிரவே எழுத்தாக்குங்கள்.

ஊருக்குத் திருப்பிச் சொல்லாமை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னரே, கண்டறிந்தவற்றை எளிய தமிழில் இரண்டு பக்கங்களில் எழுதி, எவருடைய அடையாளமும் வெளிப்படாதவாறு, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள். ஆட்டின் விலை, வாய்க்கால் நீர் எந்த மாதம் நின்றது, எந்தக் குடும்பம் எப்போது ஊர் திரும்பியது போன்ற பிழைகளை அங்கேயே திருத்தித் தருவார்கள். அந்தத் திருத்தங்களை மேற்பார்வையாளரால் தர முடியாது.