ஒரு புள்ளியில் முடியும் மேட்ச்: ஆட்டக்காரர் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் பக்கத்து ஏரியா கிளப் இரண்டு கூடைப்பந்தில் மோதினால், கடைசி இரண்டு நிமிடத்தில் கூட்டம் மெல்ல ஸ்கோர் எழுதும் டேபிள் பக்கம் நகர்ந்துவிடும். “அண்ணா, ஸ்கோர் எவ்ளோ? அவனுக்கு எத்தனை ஃபவுல்?” என்று நம் தலைக்கு மேலே நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நெருக்கடியில் நோட்டில் விழும் கோடுகள்தான் மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் யார் நன்றாக ஆடினார்கள் என்பதற்குச் சாட்சி. அடுத்த செலக்‌ஷனில் கோச் கேட்பதும் அதைத்தான். அந்த நோட்டைப் பல வருடமாக எழுதுகிறேன். கை தவறி விழும் ஒரு கோடு ஒரு பையனுடைய இடத்தையே பறிக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு எல்லோரும் செய்வது: புள்ளியை மட்டும் பார்ப்பது. ஓர் உதாரணம். ஒருவர் 24 புள்ளி, இன்னொருவர் 14 என்று வைத்துக்கொள்வோம். தோளில் தூக்குவது 24 போட்டவரைத்தான். நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அவர் 22 ஷாட் எடுத்து 8 கூடை போட்டிருக்கிறார், அதில் இரண்டு, தூரத்திலிருந்து போட்ட த்ரீ பாயின்ட். ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி ஃப்ரீ த்ரோ 10-க்கு 6. மற்றவர் 7 ஷாட்டில் 5 கூடை, ஃப்ரீ த்ரோ 4-க்கு 4. எடுத்த முயற்சிக்கு எவ்வளவு பலன் என்று ஃப்ரீ த்ரோவையும் சேர்த்து அளக்க ஒரு கணக்கு உண்டு: ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கி, ஷாட் எண்ணிக்கையோடு கூட்டி, இரட்டிப்பாக்கி, அதனால் புள்ளியை வகுக்க வேண்டும். முதலாமவருக்கு 45 சதவீதம் வரும், இரண்டாமவருக்கு 80. ஒரு புள்ளியில் தோற்ற மேட்சில் முதலாமவர் விட்ட 14 ஷாட்டும் பேசியாக வேண்டிய விஷயம்.

ஆனால் அங்கேயும் அவசரப்படக் கூடாது. பந்து கைக்கு வந்தால் ஒரு டீம் ஷாட் எடுக்க 24 விநாடிதான். அது முடியப் போகும்போது மற்றவர்கள் பந்தை யார் கையில் தள்ளினார்கள்? பெரும்பாலும் அதே முதலாமவர் கையில்தான். யாருக்கும் வேண்டாத ஷாட்டை அவர் எடுத்திருப்பார். சதவீதம் இதைச் சொல்லாது. அதனால் 24 விநாடி ஓடி முடியும் நேரத்தில் எடுத்த ஷாட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிடுவேன். மேட்ச் முடிந்து பார்க்கும்போது அந்தப் பொட்டுகள் நிறைய பேசும்.

அடுத்தது, எழுதும் கையில் நேரும் தவறு. ஷாட் எடுக்கும்போது ஃபவுல் பட்டு, பந்து உள்ளே போகவில்லை என்றால் அது ஷாட் கணக்கிலேயே வராது. ஃப்ரீ த்ரோ மட்டும்தான் எழுத வேண்டும். உள்ளே போனால் மட்டும் ஷாட்டும் கூடையும் எழுதி, கூடுதலாகக் கிடைக்கும் ஒரு ஃப்ரீ த்ரோவையும் சேர்க்க வேண்டும். புதிதாக டேபிளில் உட்காரும் தம்பிகள் ஃபவுல் பட்டுப் போன பந்தை விட்ட ஷாட்டாகப் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 14 புள்ளிக்காரரின் 4 ஃப்ரீ த்ரோவும் இப்படி இரண்டு ஃபவுலில் வந்தவை என்றால், 7-க்கு 5 என்பது 9-க்கு 5 ஆகிவிடும். வெறும் ஷாட்டை மட்டும் வைத்துப் பார்க்கும் சதவீதம் 71-லிருந்து 56-க்கு இறங்கிவிடும். ரிங்குக்குள் அடித்து நுழைந்து அடி வாங்கும் ஆட்டக்காரரைத்தான் இந்தத் தவறு தண்டிக்கிறது. நெருக்கமான மேட்சின் கடைசி குவார்ட்டரில் ஃபவுல் குவிவதால் தவறும் அங்கேதான் குவிகிறது.

ரீபவுண்டில், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில், மூன்று இடம் கவனிக்க வேண்டும். இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் ரீபவுண்ட் கிடையாது. பிளாக் ஆன ஷாட்டும் விட்ட ஷாட்தான், அதைப் பிடித்தவருக்கு ரீபவுண்ட் உண்டு. தவறிய பந்து யார் கைக்கும் அடங்காமல் வெளியே போனால் அது டீம் ரீபவுண்ட், பக்கத்தில் நின்றவருக்குப் போடக் கூடாது.

அசிஸ்டில், அதாவது கூடைக்கு வழி செய்த பாஸை எழுதும் கணக்கில்தான் பாசம் நுழைகிறது. நம்ம ஏரியா பையன் பாஸ் கொடுத்தான், பத்து விநாடி கழித்துக் கூடை விழுந்தது, உடனே ஓர் அசிஸ்ட். பாஸ் வாங்கியவர் நின்று, யோசித்து, தானாக ஒருவரை ஏமாற்றிப் போட்டால் அது அவருடைய கூடை. இன்னொரு குழப்பமும் உண்டு. பாஸ் வாங்கி ஷாட் எடுத்தவர் ஃபவுல் பட்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றாவது போட்டால், சர்வதேச கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் கணக்கில் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் உண்டு, அமெரிக்க லீக்கான என்பிஏவில் கிடையாது. டிவியில் என்பிஏ பார்த்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். எந்த முறை என்று மேட்சுக்கு முன்னாலேயே இரண்டு கிளப்பும் பேசிவிடுவது நல்லது.

திறந்த மைதானத்து த்ரீ பாயின்ட் சதவீதத்தை நேரு உள்விளையாட்டு அரங்கத்து சதவீதத்தோடு ஒப்பிடாதீர்கள். காசிமேடு பக்கம் சாயங்காலம் வீசும் கடல்காற்றில் உயரமாகப் போடும் பந்து நன்றாகவே விலகும். தரையில் இருக்கும் த்ரீ பாயின்ட் கோடு எங்கே என்றும் பாருங்கள். ஃபிபா 2010-இல் த்ரீ பாயின்ட் தூரத்தை 6.25 மீட்டரிலிருந்து 6.75 ஆக்கியது. பழைய பெயின்ட் இருக்கும் கோர்ட்டில் விழும் த்ரீ பாயின்ட் அரை மீட்டர் கிட்டே நின்று போட்டவை.

எனக்கு அதிகம் வலிப்பது கடைசி ஃப்ரீ த்ரோவை விட்ட பையன்மேல் பழி போடுவது. ஒரு முறை அப்படி விட்ட தம்பி ஒரு மாதம் கோர்ட் பக்கமே வரவில்லை. அதே மேட்சின் நோட்டில் இரண்டாவது குவார்ட்டரைப் பார்த்தேன். ரிங்குக்குப் பக்கத்தில் போய்ப் போடும், யாரும் தடுக்காத லேஅப்பை அந்த டீமின் சீனியர்களே விட்டிருந்தார்கள். ஃப்ரீ த்ரோ ஒரு புள்ளிதான், லேஅப் இரண்டு, ஆனால் அது யாருக்கும் நினைவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அதனால், குவார்ட்டர் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். மொத்தமாக எழுதினால் இது கண்ணில் படாது.

சரி, எழுதி முடித்ததும் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டு கிளப்பின் நோட்டுக்காரர்களும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். ஓவர்டைம் இல்லாத 40 நிமிட மேட்சில் ஒரு டீமின் ஆட்டக்காரர்கள் ஆடிய நிமிடங்களைக் கூட்டினால் 200 வர வேண்டும், 5 நிமிட ஓவர்டைம் ஒன்று ஆடியிருந்தால் 225. ஒவ்வொரு ஸ்டீலுக்கும் (பந்தைப் பறித்ததற்கும்) எதிர் டீமில் ஒரு டர்ன்ஓவர் (பந்தை இழந்தது) இருக்க வேண்டும். அப்புறம் ஆட்டக்காரர்களின் புள்ளியைக் கூட்டி ஸ்கோர் ஷீட்டோடு வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி குறைந்தால், முதலில் த்ரீ பாயின்ட் கூடை எதையாவது இரண்டு என்று எழுதிவிட்டோமா என்று தேடுங்கள்.