கிழிந்த நோட்டைக் கமிஷனுக்கு மாற்றாதீர்கள்

பஸ் ஸ்டாண்டு பக்கம் 'கிழிந்த நோட்டு மாற்றப்படும்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் கமிஷன் கொடுத்து ஏமாற வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம். அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுப் பணம். பாதியோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றும் கிடைக்காது. 50 ரூபாயிலிருந்து கணக்கு வேறு: பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை பாதித் தொகை.

இப்போதைய 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 செ.மீ. குறுக்கே நேராகக் கிழிந்திருந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 12 செ.மீ.க்கு மேல் மிச்சமிருந்தால் முழு 500, 6 செ.மீ.யாவது இருந்தால் 250. சரிபாதியாகக் கிழிந்து, இரண்டு துண்டும் கையில் இருக்கிறதா? பயமே வேண்டாம், முழுப் பணமும் வரும். ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! வேறு நோட்டின் துண்டோடு ஒட்டிக் கொண்டுபோனால் மட்டும் பருப்பு வேகாது. வேண்டுமென்றே வெட்டிய நோட்டையும் நிராகரிப்பார்கள்.

கருகியோ, தொட்டால் நொறுங்கும் நிலையிலோ இருந்தால் கிளையில் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் அது ராஜாஜி சாலையில் இருக்கிறது.